முன்னால் டிராக்டர் போகிறது: டெல்டா பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் ஊருக்கு வருபவர்கள், கும்பகோணம் கோயில்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் முதல்முறையாக வருபவர்கள், டூட்டி முடிந்து ராத்திரி பைக்கில் கிராமத்துக்குத் திரும்புபவர்கள், இவர்களெல்லாம் கேட்கிற கேள்விகள் இவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துச் சாலைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கரும்புக்காக மட்டும் கொஞ்சம் வடக்கே விழுப்புரம், கடலூர் வரை போக வேண்டியிருந்தது. டிராக்டர் ஓட்டுபவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் உண்டு, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எந்த மாதங்களில் ரோட்டில் வயல் வண்டிகள் அதிகமாக இருக்கும்?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். தண்ணீர் வரும் வருடமென்றால் அதை ஒட்டி உழவு ஓட்டம் ஆரம்பிக்கும். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா அறுவடை பொங்கலை ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரி முழுக்க ஓடும், தாளடி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். இதில் சிக்கல் என்னவென்றால், வெளியூர்க் கார்கள் மொத்தமாக டெல்டாவுக்குள் வருகிற பொங்கல் வாரமும் அறுவடை மெஷின்கள் இறங்குகிற வாரமும் ஏறக்குறைய ஒன்றேதான். வருடம் முழுவதும் காலியாகக் கிடக்கும் ரோட்டில் அந்தச் சமயம் மட்டும் நெல் டிரெய்லர், வைக்கோல் வண்டி, மெஷின், அதற்குப் பின்னால் டீசல் கேனோடு போகிற பைக் என்று வரிசை கட்டி நிற்கும்.

டிராக்டர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? வேண்டுமென்றே செய்கிறார்களா?

இல்லை. வெறும் டிராக்டரை டாப் கியரில் முறுக்கினாலே சுமார் 30 கிலோமீட்டர் வேகம்தான். பின்னால் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர் இருந்தால் 15, 20 என்று இறங்கிவிடும், அதுதான் அதற்குப் பத்திரமும் கூட. ஏனென்றால் பெரும்பாலான டிரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டர் நின்றாலும் டிரெய்லர் நிற்க மனமில்லாமல் பின்னாலிருந்து தள்ளும், பாரம் அதிகமென்றால் டிராக்டரின் பின்பக்கத்தை ஒருபுறமாகத் திருப்பி மடக்கிப் போட்டுவிடும்.

இன்னொன்று, டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று. வயலில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்து நின்ற இடத்திலேயே திருப்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் பூட்டிவிட வேண்டும். பூட்ட மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுத்துச் சுழலும், கவிழவும் செய்யும். ஆகவே முன்னால் போகிறவர் நீங்கள் நினைக்கிற மாதிரி சட்டென்று நிறுத்தவோ ஒதுங்கவோ முடிகிற வண்டியில் இல்லை. டிராக்டர்காரர் மேல் எரிச்சல் வந்தால் இதை நினைத்துக்கொண்டால் போதும், பாதி குறைந்துவிடும்.

எவ்வளவு தூரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும்?

பார்த்த உடனே. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 80-ல் வருகிறீர்கள், டிராக்டர் 20-ல் போகிறது. இடைவெளி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர் வீதம் சுருங்குகிறது. 200 மீட்டர் தள்ளித் தெரிகிற டிராக்டரைத் தொட 12 வினாடி. முன்னால் போவது வண்டி என்று கண்ணுக்குத் தெரிவதற்கும், அது ஏறக்குறைய நிற்கிற வேகத்தில் போகிறது என்று மூளைக்கு உறைப்பதற்கும் நடுவில் பாதி நேரம் போய்விடும். நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் மோசம், அங்கே முன்னால் போவதெல்லாம் 70, 80-ல் போகும் என்ற பழக்கத்தில் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழவே எழாது.

ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே?

கேட்டிருக்காது. டீசல் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், கேபின் கிடையாது, சத்தம் நேராகக் காதில். போதாததற்கு நம் ஊர் டிராக்டர்களில் ஸ்பீக்கர் பெட்டி வேறு. (மட்கார்டு இரண்டிலும் ஸ்பீக்கர் வைத்து, கோயில் திருவிழா மாதிரி பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களை எனக்கும் பிடிக்காது. உழும்போது கேட்டுக்கொள்ளட்டும், ரோட்டில் எதற்கு?) கண்ணாடி பல வண்டிகளில் இருக்காது, இருந்தாலும் வைக்கோல் ஏற்றிய பிறகு அதில் வைக்கோல்தான் தெரியும்.

ஹார்னை ஒன்றிரண்டு முறை சின்னதாக அடியுங்கள், அப்புறம் கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி, அவர் தலையைத் திருப்பினால் உங்களைப் பார்க்கிற இடத்தில் வண்டியை வைத்து ஹெட்லைட்டை விட்டு விட்டுக் காட்டுங்கள். டிராக்டர் ஓட்டுபவர்கள் பின்னால் கலப்பையையோ பாரத்தையோ பார்க்க அடிக்கடி திரும்புவார்கள். அவர் முகத்தை நீங்கள் பார்க்கிற வரைக்கும் அவருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்டேக் எப்போது செய்யலாம்?

நேர் ரோட்டில், எதிரே முந்நூறு மீட்டராவது வெறுமையாகத் தெரியும்போது. மிகைப்படுத்தவில்லை. 20-ல் டிராக்டர் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த கார் வேகம் பிடித்து, டிராக்டரையும் டிரெய்லரையும் தாண்டி, மறுபடி இடப்பக்கம் சேர எட்டு வினாடியாவது ஆகும். அந்த எட்டு வினாடியில் நீங்கள் சுமார் 90 மீட்டர் போவீர்கள், எதிரே 60-ல் வருகிற பஸ் 130 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். இரண்டையும் கூட்டினாலே 220. மீதி உங்கள் உயிருக்கான மிச்சம். டெல்டாவில் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மேல் போகிற ரோடுகள் ஏராளம், தாருக்கு அந்தப் பக்கம் ஓரம் என்று ஒன்று இல்லாமல் நேராகத் தண்ணீர்தான். கணக்குத் தப்பினால் ஒதுங்கலாம் என்று நினைக்க இடமே இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து டிராக்டர் வலது பக்கம் திரும்புவது. கவனமாகப் படியுங்கள், பகல் நேரத்தில் நடக்கிற மோசமான மோதல்களில் நிறைய இப்படித்தான். வலது பக்கம் வயலுக்கு இறங்க வேண்டிய டிராக்டர் முதலில் இடது பக்கம் ஒதுங்கும். டிரெய்லரோடு குறுகலான மதகில் திரும்ப வேண்டுமானால் வளைவு போதாது, அதனால் இடப்பக்கம் போய்விட்டு வலப்பக்கம் அறுப்பார். பின்னால் வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? "அண்ணன் வழி விடுகிறார்" என்றுதான். ஆக்சிலேட்டரை மிதித்து அவர் பக்கவாட்டுக்கு வரும் அதே நொடியில் டிராக்டர் குறுக்கே திரும்பும். இன்டிகேட்டர் வேலை செய்தால் நல்லது. டிரெய்லர் பின்னால் ஒன்று எரிந்தாலும் அது அழுக்கில் மறைந்திருக்கும்.

ஆகவே டிராக்டர் இடது பக்கம் ஒதுங்கினால் உடனே வலது பக்கத்தைப் பாருங்கள். மதகு, வயலுக்கு இறங்கும் சரிவு, களம், அரிசி ஆலை கேட், கொள்முதல் நிலையப் பலகை, பெட்ரோல் பங்க் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் பின்னாலேயே இருங்கள். அவர் வேகத்தைக் குறைக்கிறார், தலையைத் திருப்பி வயலைப் பார்க்கிறார் என்றாலும் அப்படியே. உங்கள் பின்னால் பஸ் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

இடது பக்கமாக ஓவர்டேக் செய்யலாமா என்று கேட்பார்கள். வலது பக்கம் திரும்பப் போவதாகச் சைகை காட்டிவிட்டு நடுரோட்டுக்கு வந்துவிட்ட வண்டியை மட்டும்தான் இடப்பக்கமாகத் தாண்டலாம், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மற்றபடி வேண்டாம். டிரெய்லரின் ஓரச் சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பைக்கை நுழைக்கிற பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

கையை ஆட்டி "போ" என்றார், போகலாமா?

அவர் அவ்வளவு உயரத்திலிருந்து எதிரே பார்த்துத்தான் சொல்கிறார், நல்ல எண்ணம்தான். ஆனால் எதிரே வருகிற வண்டியின் வேகத்தை அவர் தன் வேகத்துக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார். அப்புறம் அந்தக் கை "போ" என்கிறதா, "நில், வண்டி வருகிறது" என்கிறதா, இல்லை நான் வலப்பக்கம் திரும்புகிறேன் என்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீங்களே எட்டிப் பார்த்து ரோடு காலியாகத் தெரிந்தால் போங்கள். அவர் கையை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வயலிலிருந்து டிராக்டர் ரோட்டுக்கு ஏறும்போது ஏன் நின்று பார்த்து வருவதில்லை?

இது எனக்கும் ரொம்ப நாள் புரியாத விஷயம், ஓட்டுகிற ஒருவர் விளக்கிய பிறகுதான் பிடிபட்டது. நம் பக்கம் வயல் பள்ளத்தில் இருக்கும், ரோடு மேட்டில். பாரத்தோடு சரிவில் ஏறுகிற டிராக்டர் நடுவில் நின்றால், மறுபடி கிளட்சை விடும்போது முன்சக்கரம் மேலே தூக்கும். அப்படியே பின்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்து போகவும் வாய்ப்புண்டு, அதெல்லாம் ஒன்றிரண்டு நொடியில் முடிகிற காரியம். அதனால் எடுத்த வேகத்தில் ஏறி ரோட்டில் வந்துதான் நிற்பார்கள். ஓட்டுபவர் இருக்கை பின்பக்கம் இருப்பதால், அவர் கண் ரோட்டைப் பார்ப்பதற்கு முன்பே பானெட்டும் முன்சக்கரமும் ரோட்டில் இருக்கும்.

ஓரத்தில் கருவேலமரமோ மூங்கில் புதரோ இருந்து, அதற்குப் பின்னால் டிராக்டர் உறுமுகிற சத்தம் கேட்டால் காலை எடுத்துவிடுங்கள். ரோட்டில் ஈரச் சேற்றுத் தடம் தெரிந்தாலும் அதே அர்த்தம், பக்கத்தில் எங்கோ வண்டி ஏறி இறங்குகிறது. அந்தக் களிமண் தூறலில் நனைந்தால் பைக்குக்கு எண்ணெய் ஊற்றிய தரை மாதிரி. பிரேக் பிடிக்காமல் நேராக, மெதுவாகக் கடந்து போங்கள்.

எதிரே நெல் அறுவடை மெஷின் வருகிறது, என்ன செய்ய?

முதலில் அது பெல்ட் மெஷினா (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஊர்வது) டயர் மெஷினா என்று பாருங்கள். பெல்ட் மெஷினைப் பெரும்பாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வயலுக்கு வயல் மாறும்போது மட்டும் ரோட்டில் ஊர்ந்து வரும், அகலமும் குறைவு. டயர் மெஷின்தான் விஷயம். பெரிய மெஷின்களின் கட்டர் பார், அதாவது முன்னால் கதிரை அறுக்கிற பகுதி, 12 முதல் 14 அடி அகலம். ஒருவழித் தார்ச் சாலையின் அகலம் 3.75 மீட்டர், ஏறக்குறைய 12 அடி. 14 அடி கட்டரைக் கழற்றாமல் வந்தால் ரோடு முழுவதும் அதற்கே போதாது. கழற்றித் தனியாக இழுத்து வர வேண்டும் என்பதுதான் முறை, ஆனால் அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள அடுத்த வயலுக்குப் போக யாரும் கழற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எதிரே கண்டால் முன்னேறிப் போய் நெருக்காதீர்கள். ரோடு கொஞ்சம் அகலமாக இருக்கிற இடத்தில், ஒரு வீட்டு வாசலிலோ மதகுத் திட்டிலோ, நீங்களே ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் போக வேண்டி வந்தாலும் நீங்கள்தான் போக வேண்டும், மெஷினால் பின்னோக்கிப் பார்த்து ஓட்ட முடியாது. இன்னொரு முக்கியமான விஷயம், அறுவடை மெஷின் திரும்புவது பின்சக்கரத்தால். முன்பக்கம் இடது பக்கம் திரும்பினால் வால்பக்கம் வலது பக்கம் வீசும். அதன் பின்மூலைக்குப் பக்கத்தில் பைக்கோடு நிற்பவர்கள், முன்பக்கம் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் அடி வாங்குவார்கள். முழுவதும் தாண்டி நேராகும் வரை பொறுங்கள்.

இந்த மெஷின்களில் பல ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருபவை. ஓட்டுபவருக்கு இந்த ஊர் ரோடு உங்களைப் போலவே புதிது, இது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

ராத்திரியில் என்ன கவனிக்க வேண்டும்?

முடிந்தால் அறுவடைக் காலத்தில் ராத்திரி கிராமத்து ரோட்டைத் தவிருங்கள். முடியாவிட்டால் பைக்கில் 40-க்கு மேல் போகாதீர்கள். காரணம் இது. டிம் லைட்டில் சுமார் 40 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். 60-ல் போகும்போது பார்த்து, புரிந்து, பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 48 மீட்டர் வேண்டும். நின்றுகொண்டிருக்கிற டிரெய்லரை நீங்கள் பார்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது. 40-ல் போனால் 27, 28 மீட்டரில் நின்றுவிடலாம்.

ராத்திரியில் கண்ணை ஏமாற்றுகிறவை சில உண்டு. ஒற்றை விளக்கோடு எதிரே வருவது பைக் என்று நினைப்பீர்கள், ஒரு ஹெட்லைட் எரியாத டிராக்டராக இருக்கும், அதுவும் எரிவது இடதுபக்க விளக்கென்றால் வண்டியின் முக்கால் பங்கு உங்கள் பக்கம் இருட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, டிராக்டரின் பின்பக்கம் கலப்பையைப் பார்ப்பதற்காக ஒரு வெள்ளை விளக்கு வைத்திருப்பார்கள். ரோட்டிலும் அதை அணைக்காமல் போனால் பின்னால் வருகிற உங்களுக்கு எதிரே ஏதோ வண்டி வருவது போலத் தெரியும். முன்னால் போவதா எதிரே வருவதா என்று குழம்பி முடிவெடுப்பதற்குள் கலப்பை வந்துவிடும். ஒன்பது கொத்துக் கலப்பையின் கொழுக்கள் பைக் ஓட்டுபவரின் நெஞ்சு உயரத்தில் நிற்கும். விளக்கும் கிடையாது, மண் ஒட்டிய இரும்பு ஒளியைத் திருப்பியும் அடிக்காது.

கொள்முதல் நிலையத்தின் முன்னால் வரிசையில் நிற்கிற டிரெய்லர்கள், பஞ்சராகி நடுரோட்டில் கிடக்கிற டிரெய்லர்கள் இரண்டும் தனி ஆபத்து. பின்னால் பச்சைக் கிளையை ஒடித்துப் போட்டுக் கல் வைத்திருப்பார்கள், ரோட்டில் இலையைப் பார்த்தால் அதுதான் அடையாளம். டயரை மாற்றிவிட்டுக் கல்லை அப்படியே விட்டுப் போகிறவர்களை என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் ராத்திரி அந்தக் கல்லில் ஏறுகிறவன் அவர் ஊர்க்காரனாகவே இருப்பான்.

ரோட்டில் நெல் காயப்போடுகிறார்கள், உளுந்து பரப்புகிறார்கள். இது சரியா?

சட்டப்படி சரியில்லை, யாரும் அப்படி வாதாடவும் முடியாது. ஆனால் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி, மழை வருடங்களில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்வு வாங்குவார்கள். மெஷின் அறுத்த நெல் ஈரமாகத்தான் வரும். பழைய களங்கள் பல ஊர்களில் வீட்டுமனையாகிவிட்டன. வெயிலில் சுடுகிற தார் ரோட்டைவிட நல்ல களம் அவர்களுக்குக் கிடையாது. உளுந்து, எள், கொள்ளு என்றால் காய்வதோடு, உங்கள் கார் டயரே கதிரடித்தும் கொடுத்துவிடுகிறது.

நெல் மேல் பைக்கில் ஏறினால் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்து போங்கள். காரில் வருகிறவர்கள் கொள்ளுச் செடி, உளுந்துச் செடிப் பரப்பின் மேல் ஏறி ஓட்டாமல் சுற்றிப் போகப் பாருங்கள். கொடி அடியில் அச்சைச் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சர் பக்கம் காய்ந்த செடி சிக்கினால் தீப்பிடிக்கும், அப்படிக் கார் எரிந்த சம்பவங்கள் உண்டு. தவிர்க்க முடியாமல் ஏறிவிட்டால் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்து, சுற்றியதை எடுத்துவிட்டுப் போங்கள்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பாதி ரோட்டை எடுத்துக்கொள்வதைப் பகலில் பொறுத்துக்கொள்ளலாம். நெல்லைச் சுற்றி அடுக்குகிற கருங்கல்லை இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். நெல் மேல் போர்த்திய கறுப்புத் தார்ப்பாய் கறுப்பு ரோட்டில் ராத்திரி தெரியவே தெரியாது. அதற்கு எந்தக் கஷ்டமும் சாக்கு ஆகாது.

கரும்பு வண்டிகள்?

நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம் ஆலைகளை ஒட்டிய ரோடுகளில் அரவைக் காலத்தில் ஒரு டிராக்டர் பின்னால் இரண்டு டிரெய்லர் கட்டி வரும். ஓவர்டேக் செய்ய ஆரம்பிக்கும்போது இரண்டாவது டிரெய்லர் இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை, முதலாவதைத் தாண்டிவிட்டோம் என்று ஒடித்தவர்கள் உண்டு. மேடு ஏறும்போது பின்னால் ஒட்டாதீர்கள், கிளட்ச் நழுவினாலோ கொக்கி விட்டாலோ பின்னோக்கித்தான் வரும். கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், உங்கள் கண்ணாடி அளவுக்கு அல்ல, முகம் அளவுக்கு.

சத்தியமங்கலம் வழியாகக் கர்நாடகா போகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரியை யானை நிறுத்தும். கரும்புக்காகவே ரோட்டோரம் காத்திருக்கப் பழகியவை அவை. முன்னால் லாரி நின்றால் ஹார்ன் அடிக்காமல், நன்றாகப் பின்னால் தள்ளி, காருக்குள்ளேயே இருங்கள்.

பவர் டில்லர், மாட்டு வண்டி, வாத்துக் கூட்டம்?

பவர் டில்லரில் டிரெய்லர் மாட்டி வருகிறவரிடம் ரொம்பத் தள்ளி இருங்கள். அதில் ஸ்டியரிங் கிடையாது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கிளட்சைப் பிடிப்பார்கள். இறக்கத்தில் பாரம் தள்ளும்போது அது நேர் எதிராக வேலை செய்யும், இடப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் போகும். பழகாதவர் ஓட்டினால் பாலத்து இறக்கத்தில் உங்கள் பக்கம் வந்து நிற்கும்.

மாட்டு வண்டியைத் தாண்டும்போது ஹார்ன் வேண்டாம், மிரண்டால் மாடு போகிற பக்கம்தான் வண்டி. அறுவடை முடிந்த வயலுக்கு இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக் கிடை போட வருவார்கள், வாத்துக் கூட்டமும் மேய வரும். ரோட்டைக் கடக்க ஆரம்பித்துவிட்டால் கடைசி ஆடு வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நடுவில் வண்டியை விட்டால் மந்தை இரண்டாகப் பிரியும், பிரிந்த பாதி உங்கள் முன்னால்தான் ஓடும்.

இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் போகலாமா?

சேற்று உழவுக்கான கேஜ் வீலைத் தானே கேட்கிறீர்கள்? கூடாது. புது ரோட்டைக் கொத்திப் போட்டுவிடும், அபராதமும் போடுவார்கள். அந்த நேரத்து உழவு அவசரம் புரிகிறது, கழற்றி டிரெய்லரில் போட்டுக்கொண்டு போங்கள்.

சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன சொல்கிறீர்கள்?

டிரெய்லரின் பின்பலகையில் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர், முடிந்தால் பலகை முழு அகலத்துக்கும் ஒளிரும் ஸ்டிக்கர். இருக்கிறதிலேயே குறைந்த செலவில் அதிக உயிரைக் காப்பாற்றுவது இதுதான். மாதம் ஒருமுறை துணியால் துடைக்கவும் வேண்டும், சேறு பூசிய ஸ்டிக்கர் இருந்தும் இல்லாததும் ஒன்று. ராத்திரி கலப்பையோடு போனால் கலப்பையின் பின்னால் எதையாவது தொங்கவிடுங்கள், ஒரு பழைய ஒளிரும் பட்டையாவது. ரோட்டுக்கு ஏறியதும் பிரேக் பெடல்களைப் பூட்டுங்கள், பின்பக்க வெள்ளை விளக்கை அணையுங்கள். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். வைக்கோல் ஏற்றினால் தெருவில் தொங்குகிற கரண்டுக் கம்பியைப் பாருங்கள், உரசித் தீப்பிடித்த வண்டிகள் எத்தனையோ. பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒரு நிமிடம் ஒதுங்கி விட்டுவிடுங்கள், நெல் அதற்குள் முளைத்துவிடாது.

லைசென்ஸ் விஷயம்: 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகுரக வாகனக் கணக்கில்தான் வரும், அந்த லைசென்ஸ் போதும். ஆனால் 18 வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுத்தால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வரலாம், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். "எங்க பையன் எட்டாவது படிக்கும்போதே ஓட்டுவான்" என்று பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

டிரெய்லரில் ஆள் ஏற்றிப் போகலாமா? நடவு ஆட்கள், கல்யாணம், காதுகுத்து?

ஊரெல்லாம் போகிறார்கள் என்பது உண்மை. விவசாய டிராக்டருக்கு ஓட்டுபவருக்கு மட்டும்தான் இருக்கை, மட்கார்டு இருக்கை அல்ல. அங்கே உட்கார்ந்து பள்ளத்தில் குலுங்கி விழுந்தால் அடுத்தது பின்சக்கரம்தான். விவசாயத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் ஆள் ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று கைவிரிக்கும், நீதிமன்றங்களும் பல வழக்குகளில் அதை ஏற்றிருக்கின்றன. அப்போது நஷ்டஈடு வண்டிக்காரரின் நிலத்திலிருந்துதான் போகும். வாடகைக்குச் செங்கல், மணல் அடிப்பதும் இதே சிக்கல்தான்.

மோதிவிட்டது. முதலில் என்ன?

எஞ்சினை அணையுங்கள், டிராக்டரின் எஞ்சினையும் சேர்த்து, பலர் பதற்றத்தில் அதை ஓடவிட்டுவிடுவார்கள். 108-க்குச் சொல்லும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், பக்கத்தில் என்ன கோயில், என்ன பாலம் என்று சொல்லுங்கள். பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிய ஒரு ஆளைச் செல்போன் விளக்கோடு ஐம்பது நூறு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிராக்டருக்கு அடியில் சிக்கியவரை ஆளாளுக்கு இழுக்க வேண்டாம், இன்னொரு டிராக்டரோ ஜேசிபியோ வந்து தூக்கட்டும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, இன்னும் பல பேருக்குத் தெரியவில்லை. உதவி செய்கிறவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்ற பயமும் வேண்டாம், சட்டத்திலேயே அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

போட்டோ எடுக்கும்போது டிராக்டர் நம்பர், டிரெய்லர் நம்பர் இரண்டையும் எடுங்கள். இரண்டும் தனித்தனிப் பதிவு. டிரெய்லருக்குத் தனியாக இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதில்தான் பின்னால் வழக்கே நிற்கும். இடித்த வண்டி நிற்காமல் போய் அடையாளம் தெரியாவிட்டாலும் புகார் கொடுங்கள், உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு.

சின்ன உரசல்தான், ஆனால் ஊரே கூடிவிட்டது?

குரலை உயர்த்தாதீர்கள். வந்திருப்பதில் வயதான ஒருவரைப் பார்த்து "ஐயா, நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள், முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். யாருக்காவது ஒரு கீறல் பட்டிருந்தாலும் பணம் கொடுத்துப் பேசி முடிப்பதோடு விடாமல் ஸ்டேஷனில் எழுதிவிட்டுப் போங்கள், இரண்டு பேருக்குமே அது நல்லது.

மேப் காட்டுகிற குறுக்கு வழியில் போகலாமா?

அறுவடைக் காலத்தில் வேண்டாம். பத்து நிமிடம் மிச்சம் என்று மேப் உங்களை ஆற்றங்கரை ரோட்டுக்குள் இறக்கிவிடும். அந்த ரோட்டில் நெல் காய்கிறதா, மெஷின் வருகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உள்ளே போய்விட்டீர்கள், எதிரே மெஷின், பின்னால் வைக்கோல் வண்டி என்றால் அரை மணி நேரம் போயிற்று. மெயின் ரோட்டிலேயே போங்கள். இல்லையென்றால் திரும்புமுனை டீக்கடையில் "உள்ளே மெஷின் ஓடுதாண்ணே?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள், எந்த வயலில் எத்தனை மெஷின் நிற்கிறது என்பது வரைக்கும் சொல்வார்கள்.